எத்தனை ஆர்பிஎம்மில்? கிள்ளான் பட்டறையில் டோர்க்கும் குதிரைத்திறனும்

யமாஹா ஆர்25 வண்டியின் எஞ்சின் 249 சிசி. அது 12,000 ஆர்பிஎம்மில் 36 குதிரைத்திறன் தருகிறது. சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350-இன் எஞ்சின் 349 சிசி. அதன் உச்சம் 6,100 ஆர்பிஎம்மில் 20 குதிரைத்திறன்தான். ஆனால் டோர்க் என்னும் முறுக்குவிசையைப் பார்த்தால் கணக்கு தலைகீழ். ஆர்25-க்கு 22.6 நியூட்டன் மீட்டர், கிளாசிக்குக்கு 27. பெரிய எஞ்சினுக்கு முறுக்கு அதிகம், திறனோ பாதியை ஒட்டித்தான்.

பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தன் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில், ஹெல்மெட்டை மேசையில் வைத்துவிட்டுத் தே தாரேக் குடிக்கும் இளைஞர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பேச்சு இந்த இரண்டு எண்களில் வந்து நிற்கும். "எச்பி இல்லாத வண்டி எதுக்குடா?" என்பான் ஒருவன். "டோர்க்தான்டா இழுக்கும், எச்பி எல்லாம் காகிதத்துல" என்பான் இன்னொருவன். என் அக்காள் மகன் முதல் வண்டி வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறான். அவனும் இதே கேள்வியை என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தான். வாயால் விளக்குவதைவிட அளந்து காட்டும் இடத்துக்குப் போய்ப் பார்த்துவிடலாம் என்று என் பழைய இஎக்ஸ்5 வண்டியை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குக் கிளம்பினேன். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில், டோர்க்கையும் திறனையும் அளக்கும் டைனோ இருக்கிறது.

ஃபெடரல் ஹைவேயில் மோட்டார் சைக்கிள்களுக்கென்று தனிப் பாதை உண்டு. 1970-களில் உலக வங்கியின் உதவியோடு போட்டது. காருக்கும் லாரிக்கும் நடுவே நெளியாமல் கிள்ளான்வரை போகலாம். டோர்க்கையும் திறனையும் உடம்பால் உணர இதைவிட நல்ல இடம் கிடையாது. பிரிக்பீல்ட்ஸ் விளக்கில் பச்சை விழுந்ததும் என் 97 சிசி வண்டி கார்களுக்கு முன்னால் துள்ளிக் கிளம்பியது. முதல் கியரில் அந்தச் சின்ன எஞ்சினின் முறுக்கு பல மடங்காகிப் பின்சக்கரத்துக்குப் போகிறது. அதே வண்டி பெட்டாலிங் ஜெயாவைத் தாண்டியதும், நான்காம் கியரில், எதிர்க்காற்றில், ஆக்சிலேட்டரைக் கடைசிவரை முறுக்கியும் அதற்குமேல் நகர மறுத்தது. அங்கே முட்டுவது குதிரைத்திறனின் எல்லை. வேகம் இரட்டிப்பானால் காற்றைக் கிழித்துப் போகத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகிவிடும். எந்தக் கியருக்கு மாற்றினாலும் இல்லாத திறன் வராது.

இந்தப் பாதைக்கு இணையாகவே ரயிலும் ஓடுகிறது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கத்துப் புக்கிட் கூடாவுக்கு 1886-இல் திறந்த பாதை அது. பிரிக்பீல்ட்ஸின் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழர்களும் யாழ்ப்பாணத் தமிழர்களும் பல தலைமுறைகள் உழைத்த பாதையும் கூட. அன்றைய நீராவி எஞ்சினுக்குக் கிளட்ச் கிடையாது, கியர்பெட்டியும் கிடையாது. நின்ற நிலையிலேயே முழு இழுவையும் கிடைக்கும் என்பதால் அவை தேவைப்படவில்லை. பெட்ரோல் எஞ்சினின் குணமோ வேறு. சுழலாவிட்டால் அதனிடம் ஒன்றுமே இல்லை. குறைந்த சுழற்சியில் கொஞ்சம்தான் தரும். நம் வண்டிகளில் கியர் இருப்பதற்கே அதுதான் காரணம்.

வழியில் பத்து தீகா வரும். 2003-இல் இடிக்கப்பட்ட ஷா ஆலம் பந்தயத் தளம் இருந்த இடம். 1991 முதல் 1997 வரை மலேசிய மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீ இங்கேதான் நடந்தது. 1992-இல் மிக் டூஹன் ஹோண்டா என்எஸ்ஆர்500-இல் வென்றார். அந்த ஆண்டு ஹோண்டா அந்த எஞ்சினில் செய்த மாற்றம், எங்கள் மேசைச் சண்டைக்கு நேரடியாகப் பொருந்தும். நான்கு சிலிண்டர்களும் நெருக்கமாக, அடுத்தடுத்து வெடித்து, பிறகு சற்று இடைவெளி விடும்படி வெடிப்பு வரிசையை மாற்றினார்கள். அந்த இடைவெளியில் பின் டயர் தரையை மறுபடி பிடித்துக்கொண்டது. வளைவிலிருந்து வெளியே வரும்போது ஓட்டுபவர் முன்னைவிடச் சீக்கிரமே ஆக்சிலேட்டரைத் திறக்க முடிந்தது. உச்சத் திறனுக்காகச் செய்த வேலை இல்லை இது. திறன் வந்து சேரும் விதத்துக்காகச் செய்தது. உலகின் தலைசிறந்த வீரர்களுக்கே அது தேவைப்பட்டது என்றால், மழையில் பின்னால் மனைவியை ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களுக்குச் சொல்லவா வேண்டும்?

பட்டறை கிள்ளானில், ஜாலான் மேரு பக்கம், ஒரு கடைவரிசையின் பின்புறம். ஃபோர்மன் அண்ணன் தரையில் உட்கார்ந்து ஒரு யமாஹா ஒய்15-இன் பின்சக்கர அச்சு நட்டை டோர்க் ரெஞ்ச்சால் முடுக்கிக்கொண்டிருந்தார். 'டிக்' என்று சத்தம் வந்ததும் நிறுத்தினார். நான் வந்த காரணத்தைச் சொன்னேன். ரெஞ்ச்சைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"தம்பி, இந்த ஒய்15 எஞ்சினுக்கு டோர்க் எவ்வளவு?"

"13.8, அண்ணே."

ரெஞ்ச்சின் கைப்பிடியில் இருந்த எண்ணைக் காட்டினார். 60-ஐ ஒட்டி இருந்தது. "நான் இப்ப ஒரு கையால போட்டது 60. அப்ப யாரு பெருசு? நானா, எஞ்சினா?"

எனக்கு அந்த இடத்திலேயே பாதி விளங்கிவிட்டது. 13.8 நியூட்டன் மீட்டர் என்பது எவ்வளவு சின்னது என்று பாருங்கள். ஒரு 30 சென்டிமீட்டர் ஸ்பேனரை நட்டில் மாட்டி, அதன் நுனியில் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் நட்டின்மேல் விழும் முறுக்கு அதைவிடச் சற்று அதிகம். ஒரு 150 சிசி எஞ்சின் தன் முழு பலத்தோடு முறுக்குவது அவ்வளவுதான். டோர்க் என்பது முறுக்கும் விசை. அதில் நேரம் என்ற பேச்சே இல்லை. அசையாத நட்டின்மேல் ஸ்பேனரைப் போட்டு அழுத்திக்கொண்டு நின்றாலும் டோர்க் உண்டு, வேலை மட்டும் நடக்காது. ஃபோர்மன் அண்ணனின் கை 60 போடும். ஆனால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்? அந்த எஞ்சின் தன் 13.8-ஐ நிமிடத்துக்கு 7,000 முறை சுற்றிக்கொண்டே போடுகிறது. அந்த முறுக்கு எவ்வளவு வேகமாக வேலையாகிறது என்பதன் அளவுதான் குதிரைத்திறன்.

கணக்கு எளிது. நியூட்டன் மீட்டரை ஆர்பிஎம்மால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். ஒய்15 தன் உச்ச டோர்க்கைத் தரும் 7,000-இல் இந்தக் கணக்கைப் போட்டால் 10.1 கிலோவாட், அதாவது 14-க்குச் சற்றுக் குறைவான குதிரைத்திறன். ஆனால் அந்த வண்டியின் உச்சத் திறன் 15.4, அது வருவது 8,500-இல். அங்கே டோர்க் 12.7-ஆக இறங்கியிருக்கும். முறுக்கு குறைந்தும் திறன் கூடியிருக்கிறது, ஏனென்றால் முறுக்கு இறங்கியதைவிடச் சுழற்சி அதிகமாக ஏறியிருக்கிறது. அதற்கும் மேலே போனால் காற்று உள்ளே வர நேரம் போதாமல் டோர்க் வேகமாகச் சரியும், திறனும் கூடவே இறங்கும்.

குதிரை இதில் எப்படி நுழைந்தது என்று அக்காள் மகன் கேட்டிருந்தான். ஜேம்ஸ் வாட் தன் நீராவி எஞ்சினை விற்க, ஆலையில் செக்குச் சுற்றும் குதிரையோடு ஒப்பிட்டார். நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலை ஒரு குதிரைத்திறன் என்று வைத்தார். இன்றைய கணக்கில் 746 வாட். ஜப்பானிய நிறுவனங்கள் போடும் மெட்ரிக் குதிரைத்திறன் 735.5 வாட். ஒரே எஞ்சினுக்கு இரண்டு விளம்பரங்களில் சற்று வேறுபட்ட எண்கள் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு ஒய்15-ஐ டைனோமேல் ஏற்றினார்கள். முன்சக்கரத்தை இடுக்கியில் மாட்டி, இரண்டு பக்கமும் பெல்ட் போட்டுக் கட்டினார்கள். பின்சக்கரம் தரைமட்டத்தில் இருக்கும் ஒரு கனமான இரும்பு உருளையின்மேல் உட்கார்ந்தது. முன்னால் பெரிய மின்விசிறி. பையன் ஒருவன் ஏறி உட்கார்ந்து நான்காம் கியருக்குப் போய், குறைந்த சுழற்சியிலிருந்து ஒரே பிடியாக ஆக்சிலேட்டரைத் திறந்தான். தகரக் கூரை அதிர்ந்தது. உருளையின் எடை கணினிக்குத் தெரியும். அது எவ்வளவு சீக்கிரம் வேகம் எடுக்கிறது என்று அளந்தால் அதைச் சுழற்றிய திறன் தெரிந்துவிடும். அதை எஞ்சின் சுழற்சியோடு சேர்த்துக் கணக்கிட்டால் டோர்க்.

திரையில் இரண்டு கோடுகள். டோர்க் கோடு ஏறி, சற்றுத் தட்டையாகப் போய், 7,000-ஐத் தாண்டியதும் தலைசாய்ந்தது. திறன் கோடு அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே போய், பிறகுதான் வளைந்தது. உச்ச எண் 13-ஐ ஒட்டி நின்றது. 15.4 எங்கே போனது? அது எஞ்சினின் கிராங்க்கில் அளந்தது. கியர்பெட்டி, செயின், டயர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் உருளைக்குத் தருகின்றன. பத்து முதல் பதினைந்து விழுக்காடுவரை இப்படிப் போவது சாதாரணம். கிள்ளான் வெயிலுக்கும் ஒரு பங்கு உண்டு. சூடான, ஈரமான காற்றில் எஞ்சினுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு. அதனால்தான் நல்ல டைனோ நிலையங்கள் அன்றைய வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் ஈரப்பதத்தையும் வைத்து எண்ணைத் திருத்திக் காட்டும். ஒருவர் தன் வண்டியின் டைனோ தாளைக் காட்டினால், கிராங்க்கிலா சக்கரத்திலா, திருத்தியதா திருத்தாததா என்று கேளுங்கள்.

நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர் ஒருவர், பின்னால் சதுரப் பெட்டி கட்டிய கப்சாய் என்னும் சின்ன வண்டியோடு வந்தார். ஃப்ளைஓவர் ஏற மூச்சுவாங்குகிறது, பெரிய பிளாக் போட்டால் என்ன செலவாகும் என்று கேட்டார். பிளாக் மாற்றுவது இங்கே பெரிய மோகம். ஒய்15-இல் 57 மில்லிமீட்டர் பிஸ்டனை எடுத்துவிட்டு 62 போடுவார்கள். 150 சிசி 177 சிசி ஆகிவிடும். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி இல்லாமல் அப்படி எஞ்சினை மாற்றுவது குற்றம். ஃபோர்மன் அண்ணன் அந்தப் பேச்சுக்கே போகவில்லை. சங்கிலியைக் கழற்றி, முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைவானதைப் போட்டார். "போய் ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வாங்க."

போய்விட்டுத் திரும்பியவரின் முகத்தில் சிரிப்பு. எஞ்சினில் ஒரு குதிரைத்திறன்கூடக் கூடவில்லை. முன்னால் 14 பல்லும் பின்னால் 42 பல்லும் உள்ள வண்டி என்று வைத்துக்கொண்டால், 42-ஐ 14-ஆல் வகுத்து மூன்று மடங்கு. முன்னால் 13 ஆனால் 3.23 மடங்கு. ஒவ்வொரு கியரிலும் பின்சக்கரத்துக்குப் போகும் முறுக்கு ஏறக்குறைய எட்டு விழுக்காடு கூடுகிறது. அதே ஆர்பிஎம்மில் வண்டியின் வேகம் ஏழு விழுக்காடு குறைகிறது. நாளெல்லாம் விளக்குக்கு விளக்கு நின்று கிளம்புகிறவருக்கு அது நல்ல வியாபாரம். தினமும் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரே ஓட்டமாக ஓடுகிறவருக்கு அது தொல்லை, எஞ்சின் எப்போதும் கத்திக்கொண்டே இருக்கும்.

கியரின் வேலை முழுவதும் இதுதான். ஒய்15-இன் முதல் கியரில், கிராங்க்கிலிருந்து சக்கரம்வரை முறுக்கு சுமார் 25 மடங்காகிறது. 13.8 என்பது சக்கரத்தில் 340-க்கு மேல். ஐந்தாம் கியரில் எட்டு மடங்குக்குச் சற்று மேல்தான். கியர் முறுக்கைக் கூட்டும், அதற்கு விலையாகச் சுழற்சியைக் குறைக்கும். இரண்டையும் பெருக்கினால் வரும் திறனை மட்டும் எந்தக் கியராலும் கூட்ட முடியாது.

இதைப் பிடித்துக்கொண்டால் ஆர்25, கிளாசிக் புதிர் தானாக அவிழும். கிளாசிக்கின் 27 நியூட்டன் மீட்டர் வருவது 4,000 ஆர்பிஎம்மில். அந்த இடத்தில் அதன் திறன் 15-க்குச் சற்று மேல். ஒய்15 தன் உச்சமாக 8,500-இல் தருவதும் அதே அளவுதான். ஆர்25 அதே 4,000-இல் தன் மிகப் பெரிய டோர்க்கையே தந்தாலும் 13-ஐ எட்டாது. அந்த டோர்க்கும் அதற்கு 10,000-இல்தான் வருகிறது. ஆகவே ஐந்தாம் கியரிலேயே கிடந்து, நிதானமாக, சத்தமில்லாமல் போகும்போது கிளாசிக் இழுப்பதுபோல் ஆர்25 இழுக்காது. ஆனால் ஆர்25 ஓட்டுபவர் கியரைக் குறைத்து முள்ளை 10,000-க்கு மேல் ஏற்றிவிட்டால் கதை மாறிவிடும். இரண்டு மடங்கு வேகமாகச் சுழல்வதால் அதற்கு இரண்டு மடங்கு குறைக்கும் கியரைத் தர முடிகிறது. 22.6-இன் இரண்டு மடங்கு 27-ஐவிட எவ்வளவோ பெரிது. கிளாசிக் 195 கிலோ, ஆர்25 170 கிலோவை ஒட்டி. ஆர்25-இன் கண்ணாடியில் கிளாசிக் சின்னதாகிக்கொண்டே போகும்.

மேசைச் சண்டைகளில் அடிக்கடி அடிபடும் ஒரு நம்பிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். 'லாங் ஸ்ட்ரோக் எஞ்சின், அதான் டோர்க்' என்பார்கள். கிளாசிக்கின் ஸ்ட்ரோக் 85.8 மில்லிமீட்டர், ஆர்25-இன் ஸ்ட்ரோக் 44.1. ஆனால் டோர்க்கை சிசியால் வகுத்துப் பாருங்கள். லிட்டருக்கு என்று கணக்கிட்டால் கிளாசிக்குக்கு 77, ஆர்25-க்கு 91, ஒய்15-க்கு 92. நீண்ட ஸ்ட்ரோக் உள்ள எஞ்சின்தான் கடைசி. டோர்க்கை முதலில் தீர்மானிப்பது எஞ்சினின் கொள்ளளவு, அதாவது ஒவ்வொரு வெடிப்பிலும் எவ்வளவு காற்றும் பெட்ரோலும் எரிகிறது என்பது. அது எந்த ஆர்பிஎம்மில் நிறைவாக எரிகிறது என்பதை வால்வும் கேம்மும் குழாய்களின் நீளமும் தீர்மானிக்கின்றன. நீண்ட ஸ்ட்ரோக் செய்வது வேறு வேலை. எஞ்சின் எவ்வளவு உயரச் சுழலலாம் என்பதற்கு அது வரம்பு கட்டுகிறது. பட்டறையிலேயே ஒரு தாளில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உச்சத் திறன் வரும் இடத்தில் கிளாசிக்கின் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 17.4 மீட்டர் ஓடுகிறது. ஆர்25-இன் பிஸ்டன் 17.6 மீட்டர். ஒன்று 6,100, இன்னொன்று 12,000. குணத்தில் எதிரெதிராகத் தெரியும் இரண்டு எஞ்சின்களின் பிஸ்டன்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் ஓடுகின்றன. ஃபோர்மன் அண்ணன் அந்தத் தாளை வாங்கி இரண்டு முறை பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கெந்திங் மலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. 1,700 மீட்டருக்கு மேல் காற்று மெலிந்துவிடும். டோர்க், திறன் இரண்டுமே ஆறில் ஒரு பங்கை ஒட்டிக் குறையும். 150 சிசியில் இருவராக ஏறும்போது கியரைக் குறைத்துச் சுழற்சியை ஏற்றி ஓட்டுவது எஞ்சினை வதைப்பதாகாது. மேல் கியரில் அடக்கி, திணற விட்டு ஏற்றுவதுதான் வதை.

இவ்வளவையும் பார்த்த பிறகு நம் ஓட்டுநர் உரிமத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பி2 உரிமம் 250 சிசிவரை. ஆகவே பி2 வைத்திருக்கும் இளைஞர், உரிமம் கைக்கு வந்த அன்றே 36 குதிரைத்திறன் ஆர்25-இல் ஏறலாம். 20 குதிரைத்திறன் கிளாசிக்கில் ஏற அவருக்கு மேல்நிலை உரிமம் வேண்டும். சட்டம் எண்ணுவது சிசியை. சிசி டோர்க்கைச் சொல்லும், வேகத்தைச் சொல்லாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஏ1 உரிமத்துக்கு 125 சிசியோடு 11 கிலோவாட் என்றும், ஏ2-வுக்கு 35 கிலோவாட் என்றும் திறனையே வரம்பாக வைத்திருக்கிறார்கள், வண்டியின் எடையையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். மலேசியச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். அவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். போக்குவரத்து அமைச்சு திறனையும் எடையையும் சேர்த்து உரிமத்தை வகுக்க வேண்டும்.

அக்காள் மகனிடம் நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். கடைக்குப் போனால் எச்பி எவ்வளவு, டோர்க் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு நின்றுவிடாதீர்கள். இரண்டுக்கும் எத்தனை ஆர்பிஎம்மில் என்று கேளுங்கள். உங்கள் அன்றாட ஓட்டத்தில் முள் அந்த எண்ணுக்குப் போகவே போகாது என்றால், அந்தத் திறனுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பின்னால் உட்காரப் போகிறவரையும் கூட்டிக்கொண்டு போய், இருவராக ஏறி ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.